ஊசியில் நூல் கோக்கிறேன், கரண்ட் போனால் மட்டும் கண் தெரியவில்லை

கேள்வி: தம்பி, எனக்கு வயது 66. உடுமலைப்பேட்டை பக்கம் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை தைக்கிறேன். ஒரு வருஷமாக, வெயிலில் இருந்து கோயிலுக்குள் போனால் ரொம்ப நேரம் ஒன்றும் தெரிவதில்லை. ராத்திரி கரண்ட் போனால் மருமகள் கொஞ்ச நேரத்தில் தீப்பெட்டியைத் தேடி எடுத்துவிடுகிறாள், எனக்குக் கதவு எந்தப் பக்கம் என்பதே பிடிபடவில்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தையலும் தெரிவதில்லை. ஆனால் ஊசியில் நூல் நானேதான் கோக்கிறேன். கண் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, "விழித்திரை நடுவில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளி இருக்கிறது, வயசானால் வருகிற மாக்குலா பிரச்சினை, ஆரம்பக் கட்டம்தான், பார்வை 6/6, ஒரு வருஷம் கழித்து வாங்க" என்றார். பார்வை சரியாக இருக்கிறது என்றால் எனக்கு ஏன் தெரியவில்லை? இது மாலைக்கண்ணா? வீட்டுக்காரர் மனப்பிரமை என்கிறார். வேறு டெஸ்ட் ஏதாவது இருக்கிறதா? மகன் வெளிநாட்டில் இருந்து கண்ணுக்கு வைட்டமின் மாத்திரை அனுப்பியிருக்கிறான், சாப்பிடலாமா? ராத்திரி வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

வணக்கம் அம்மா. முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், இது மனப்பிரமை இல்லை. உங்கள் கண்ணில் டாக்டர் பார்த்த விஷயமும் நீங்கள் சொல்லும் தொந்தரவும் ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்துகின்றன. டாக்டர் சொன்ன 6/6-உம் பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. நான் ஆப்டோமெட்ரிஸ்ட். டாக்டர் ஊசி போடுவார், ஆபரேஷன் செய்வார், நான் இருட்டறையில் உட்கார்ந்து "இது தெரியுதா, இப்போ தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவன். அதனால் உங்கள் கேள்வி நேராக என் மேஜைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

சுவரில் தொங்கும் அந்த எழுத்துப் பலகையை எடுத்துக்கொள்வோம். ஸ்னெல்லன் என்ற நெதர்லாந்துக் கண் மருத்துவர் 1862-இல் வெளியிட்டது. இன்றைக்கு அது மின்விளக்குப் பெட்டிக்குள்ளும் கம்ப்யூட்டர் திரைக்குள்ளும் போய்விட்டாலும் கேட்கும் கேள்வி அதேதான்: நல்ல வெளிச்சத்தில், பளீர் வெள்ளையில், அட்டைக் கறுப்பில், எவ்வளவு சின்ன எழுத்தைப் படிக்கிறாய்? 6/6 வரியில் உள்ள எழுத்து 9 மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது, அதை 6 மீட்டர் தள்ளி நின்று படிக்கிறீர்கள். பௌர்ணமி நிலா கண்ணுக்கு எவ்வளவு அகலம் தெரிகிறதோ, அதில் ஆறில் ஒரு பங்குதான் அந்த எழுத்து. அவ்வளவு சின்ன இடத்தை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கும்போது விழித்திரையின் நட்டநடுப் புள்ளி மட்டும் வேலை செய்தால் போதும். சுற்றிலும் என்ன நடக்கிறது என்று அந்தப் பலகை கேட்பதே இல்லை. (அதிலும் வருஷாவருஷம் வருகிற சிலர் கடைசி வரியை மனப்பாடமாகவே ஒப்பித்துவிடுவார்கள், அது வேறு கதை.)

நீங்கள் ஊசியில் நூல் கோப்பதும் அதே வேலைதான். பகல் வெளிச்சம், ஒரு சின்னத் துளை, நேர்ப்பார்வை. அதனால்தான் அது கெடவில்லை.

நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. கூம்பு செல்கள் சுமார் 45 லட்சம், இவை பகலுக்கும் நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும். குச்சி செல்கள் சுமார் 9 கோடி, இவை மங்கலுக்கும் இருட்டுக்கும். நட்டநடுவில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குக் குச்சி செல்லே கிடையாது, முழுக்கக் கூம்புகள்தான். அதைச் சுற்றித்தான் குச்சிகள் ஆரம்பித்து அடர்த்தியாகின்றன. இறந்தவர்களின் தானக் கண்களை எடுத்து, செல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த ஆராய்ச்சிகளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வயதாகும்போதும் சரி, மாக்குலா என்கிற விழித்திரை நடுப்பகுதியில் வரும் இந்த நோயின் தொடக்கத்திலும் சரி, முதலில் அடிபடுவது நடுப்புள்ளியைச் சுற்றி வளையமாக இருக்கும் அந்தக் குச்சி செல்கள்தான், நடுவில் இருக்கும் கூம்புகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன.

நோய் தொடங்குவது வளையத்தில், நாங்கள் சோதிப்பது நடுப்புள்ளியை. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

இதில் என் பங்குக்கும் ஒரு தப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்தார், "சாயங்காலம் ஆனா படி தெரியலப்பா" என்றார். பலகையைப் படிக்கச் சொன்னேன், கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். "கண்ணு அருமையா இருக்கு தாத்தா" என்று சீட்டில் 6/6 எழுதி அனுப்பிவிட்டேன். சில மாதம் கழித்து, படியில் தவறிவிழுந்து கையில் மாவுக்கட்டோடு வந்தார். அன்றைக்கு டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது விழித்திரையில் புள்ளிகள் நிறைய இருந்தன. அவர் சொன்னது இருட்டைப் பற்றி, நான் சோதித்தது வெளிச்சத்தில். அதற்கப்புறம் 6/6 வந்தவரிடமும் "மங்கலில் எப்படி?" என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை.

சரி, அந்த மஞ்சள் புள்ளி என்ன? அதன் பெயர் ட்ரூசன். விழித்திரைக்கு அடியில், பார்க்கும் செல்களைப் பராமரிக்கும் ஓர் அடுக்கு இருக்கிறது, அதற்கும் கீழே ரத்தக் குழாய்கள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று. சாப்பாடு மேலே வருவதும் கழிவு கீழே போவதும் அதன் வழியாகத்தான். வயதாக ஆக அந்தச் சவ்வில் கொழுப்பும் கசடும் படிகின்றன, சில இடங்களில் மேடுதட்டி நிற்கின்றன. அந்த மேடுதான் டாக்டருக்கு மஞ்சள் புள்ளியாகத் தெரிகிறது. 2013-இல் நிபுணர்கள் சேர்ந்து வகுத்த கணக்குப்படி 63 முதல் 125 மைக்ரான் வரை அளவுள்ள புள்ளிகள் இருந்து, வேறு நிறமாற்றம் இல்லையென்றால் அது ஆரம்பக் கட்டம். 125-ஐத் தாண்டினால், அல்லது நிறமாற்றம் வந்தால், நடுக்கட்டம். 125 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, நீங்கள் கோக்கிற தையல் நூலின் தடிமனைவிடச் சின்னது. அவ்வளவு சின்ன விஷயத்தை வைத்துத்தான் உங்களுக்கு "ஆரம்பம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாலைக்கண்ணா என்று கேட்டீர்கள். மாலைக்கண் என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வருவது. உங்களுக்கு நடப்பது அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டதும் குச்சி செல்லில் உள்ள நிறமி வெளுத்துப்போகும், அதை மறுபடி தயாரிக்க வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம் வேண்டும், அது அடியில் இருக்கும் அந்தப் பராமரிப்பு அடுக்கில் இருந்துதான் வர வேண்டும். மாலைக்கண் வந்த குழந்தைக்கு ரேஷன் கடையில் அரிசியே இருப்பு இல்லை. உங்களுக்குக் கடையில் இருப்பு இருக்கிறது, ஆனால் லாரி வருகிற சந்தில் மண் கொட்டிக்கிடக்கிறது, மூட்டை மெதுவாகத்தான் வந்து சேர்கிறது. கூம்பு செல்களுக்கு இதே சரக்கு இன்னொரு வழியாகவும் வருவதால் அவை சமாளித்துக்கொள்கின்றன. அதனால் கேரட்டும் முருங்கைக்கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான், ஆனால் அதை நம்பி இருட்டுப் பார்வை திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம். வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அளவு மிஞ்சினால் ஈரலுக்குக் கெடுதல்.

இப்போது டெஸ்டுகள். நீங்கள் வீட்டில் கரண்ட் போனபோது கவனித்தீர்களே, அதைத்தான் ஒரு கருவி ஒழுங்காகச் செய்கிறது. இருட்டுக்குப் பழகும் நேரத்தை அளப்பது, எங்கள் பேச்சில் டார்க் அடாப்டேஷன். இருட்டறையில் தாடையை வைத்து உட்கார வைப்பார்கள். கேமரா ஃப்ளாஷ் மாதிரி பளிச்சென்று ஒரு வெளிச்சம், அது குச்சி செல்களின் நிறமியை வெளுக்கச் செய்துவிடும். பிறகு நடுவில் ஒரு சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மங்கல் புள்ளி வந்து வந்து போகும், தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். தெரியத் தெரியப் புள்ளியை இன்னும் மங்கலாக்கிக்கொண்டே போவார்கள். குச்சி செல்கள் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மீண்டுவர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் கணக்கு. பரவலாகப் பயன்படும் ஒரு கருவியில் எல்லைக்கோடு ஆறரை நிமிடம். அதற்குள் மீண்டால் சரி, தாண்டினால் தாமதம். சிலருக்கு 20 நிமிடம் ஆகியும் மீளாது, பாவம், அந்த இருட்டில் பாதிப் பேர் தூங்கியே போவார்கள்.

இந்த டெஸ்டுக்கு ஆராய்ச்சியாளர்கள் ஏன் இவ்வளவு மதிப்பு கொடுக்கிறார்கள் என்றால், அமெரிக்காவில் அலபாமா மாநிலம் பர்மிங்காமில் சிந்தியா ஓஸ்லி என்பவரின் குழு, மாக்குலா நன்றாகவே இருந்த 60 வயது தாண்டியவர்களைச் சோதித்து, மூன்று வருஷம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பார்த்தது. முதல் முறையே இருட்டுக்குப் பழகத் தாமதமானவர்களுக்கு இந்த நோய் வந்திருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2016-இல் வெளியான முடிவு அது. அதாவது மஞ்சள் புள்ளி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே இருட்டுப் பார்வை தள்ளாட ஆரம்பித்துவிடுகிறது. எழுத்துப் பலகையோ அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் குறைகிறது. புதிய மருந்து ஒன்றை ஆரம்பக் கட்டத்திலேயே கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால், பலன் தருகிறதா இல்லையா என்று பலகையை வைத்துக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பாவில் மாக்குஸ்டார் என்ற பெயரில் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து, எந்த டெஸ்ட் நம்பகமானது என்பதைச் சோதிப்பதையே தனி ஆராய்ச்சியாகச் செய்கிறார்கள்.

உடனே அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடிக் கிளம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஆராய்ச்சி நடக்கும் பெரிய இடங்களில்தான் இருக்கும், எல்லா ஊரிலும் கிடைக்காது. தவிர, ரிசல்ட் "தாமதம்" என்று வந்தாலும் உங்கள் வைத்தியம் இன்றைக்கு மாறப்போவதில்லை, நீங்களே அனுபவித்துச் சொன்னதை ஒரு நம்பராக எழுதித் தருவார்கள், அவ்வளவுதான். மருமகளோடு ஒப்பிட்டீர்கள் பாருங்கள், அதிலும் ஒரு சின்னத் திருத்தம். இளம் வயதுக் கண்ணோடு நம் கண்ணை ஒப்பிடுவது நியாயமில்லை. 60 வயதில் கண்மணி சுருங்கியிருக்கும், லென்ஸ் மஞ்சளடித்திருக்கும், 20 வயதுக்காரர் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நமக்கு உள்ளே போகும். இருட்டுக்குப் பழகுவதும் எல்லாருக்குமே வயதோடு மெதுவாகும். ஒப்பிட வேண்டுமென்றால் வீட்டுக்காரரோடு ஒப்பிடுங்கள். அடுத்த முறை கரண்ட் போகும்போது இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்து, கதவு நிலை யாருக்கு முதலில் தெரிகிறது என்று பாருங்கள். மனப்பிரமை என்ற பேச்சும் அதோடு முடிந்துவிடும்.

உங்களுக்குச் செலவில்லாமல், பெரிய கருவி இல்லாமல் செய்யக்கூடிய டெஸ்டுகள் இரண்டு இருக்கின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவற்றைத்தான் கேட்பேன்.

ஒன்று, கான்ட்ராஸ்ட் பலகை. கறுப்பில் கறுப்பு நூல் தெரியவில்லை என்றீர்களே, அதை அளப்பது இதுதான். பெல்லி, ராப்சன் என்ற இருவர் பெயரால் அழைக்கப்படும் பலகை, 1988-இல் வந்தது. இதில் எழுத்து சின்னதாகிக்கொண்டே போகாது. எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் உயரம், ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து பார்க்க வேண்டும். மூன்று மூன்று எழுத்தாக மங்கிக்கொண்டே போகும். முதல் மூன்று அட்டைக் கறுப்பு, அப்புறம் சாம்பல், அப்புறம் வெளிர்சாம்பல், கடைசியில் வெள்ளைத்தாளில் வெள்ளை எழுதியது மாதிரி. ஒரு குறிப்பு சொல்கிறேன், எல்லா இடத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள்: "இதுக்கு மேல தெரியல" என்று சட்டென்று நிறுத்தாதீர்கள். மங்கலான அந்த இடத்தையே பதினைந்து இருபது வினாடி பார்த்துக்கொண்டிருந்தால், பனியில் இருந்து ஆள் வருவதுபோல் ஒரு எழுத்து மெல்ல எழுந்துவரும். அவசரப்பட்டு எழுந்துபோனதால் மட்டும் மார்க் குறைந்தவர்கள் என்னிடமே நிறையப் பேர். மதிப்பெண் 1.5-க்குக் கீழே வந்தால் அன்றாட வேலையில் இடிக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்வோம். தையல்காரரான உங்களுக்கு அதற்கு மேலே இருந்தாலும் இடிக்கலாம், தொழில் அப்படி.

இரண்டாவது, மங்கல் வெளிச்சத்தில் அதே எழுத்துப் பலகை. கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடிச் சில்லை வைப்போம், வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் சில்லு அது. சாதாரணமாகப் படித்த வரி ஒன்று, சில்லை வைத்துப் படித்த வரி இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே எத்தனை எழுத்து விழுந்தது என்பதுதான் கணக்கு. ஆரோக்கியமான கண்ணுக்கும் இரண்டு மூன்று வரி குறையத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். அதைவிட நிறைய விழுந்தாலோ, ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தாலோ, அது எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

இரண்டுமே வாயால் சொல்லும் டெஸ்ட் என்பதால், ஒரு தடவை செய்ததை வைத்துப் பெரிதாக எதையும் முடிவுகட்டக் கூடாது. ராத்திரி தூக்கமில்லாமல் வந்தால் குறையும், அறையில் ஒரு ட்யூப் லைட் எரியாவிட்டால் குறையும். இன்றைக்கு ஒரு கணக்கு, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதே அறையில், அதே கண்ணாடியோடு இன்னொரு கணக்கு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் பலன். முக்கியமாக, இந்த டெஸ்டுகள் குறை இருக்கிறது என்று சொல்லுமே தவிர, குறை மாக்குலாவால்தான் என்று அடித்துச் சொல்லாது. கண்புரை இருந்தாலும் கான்ட்ராஸ்ட் விழும். கண்ணாடி பவர் மாறியிருந்தாலும் விழும். உங்கள் வயதில் கொஞ்சமாவது புரை இல்லாத கண் அபூர்வம். அதனால் டாக்டரிடம் "புரை எவ்வளவு இருக்கிறது, நான் சொல்லும் தொந்தரவுக்கு அதுவும் காரணமாக இருக்குமா?" என்று மறக்காமல் கேளுங்கள். சர்க்கரை, கண்ணில் பிரஷர், சின்ன வயதில் இருந்தே இருட்டுப் பார்வை குறைவு, வீட்டில் வேறு யாருக்காவது அப்படி, இவற்றில் எது இருந்தாலும் சொல்லுங்கள், கதை வேறு பக்கம் திரும்பலாம்.

ஓசிடி ஸ்கேன் எடுக்காமல் அனுப்பியிருந்தால் ஒரு தடவை எடுத்து வைப்பது நல்லது. விழித்திரையைக் குறுக்கே வெட்டிய மாதிரி அடுக்கடுக்காகக் காட்டும் படம், சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலி கிடையாது. எதிர்காலத்தில் ஏதாவது மாறினால் ஒப்பிட ஒரு பழைய படம் கையில் இருக்கும். ஆனால் ஓசிடி என்பது கண்ணின் படம், கண்ணின் வேலை அதில் தெரியாது.

கட்டம் போட்ட அட்டை ஒன்று கொடுத்திருப்பார்களே, அல்லது இனிமேல் கொடுப்பார்கள். ஆம்ஸ்லர் அட்டை. சுவிட்சர்லாந்துக்காரர் மார்க் ஆம்ஸ்லர் பெயரில் உள்ளது. 10 சென்டிமீட்டர் சதுரம், உள்ளே 5 மில்லிமீட்டர் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. பலர் இதை ஆரம்பக் கட்டத்தைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் என்று நினைத்துக்கொண்டு, கோடெல்லாம் நேராகத் தெரிகிறது, நமக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடுகிறார்கள். இது அதற்கானது இல்லை. ஆரம்பக் கட்டத்தில் கோடு நேராகத்தான் தெரியும். இந்த நோய் சிலருக்குத் திடீரென்று வேறு முகம் காட்டும், விழித்திரைக்கு அடியில் புதிய ரத்தக் குழாய் முளைத்துக் கசியும், அப்போது நேர்கோடு நெளியும், கதவு நிலை வளையும், எழுத்தின் நடுவே திட்டு விழும். அதைப் பிடிக்கத்தான் இந்த அட்டை. அதிலும் கோட்டைவிடும், ஏனென்றால் விட்டுப்போன இடத்தை நம் மூளையே ஒட்டுப்போட்டு மறைத்துவிடும், நீங்கள் கிழிசலுக்கு அதே துணியில் ஒட்டுப் போடுவது மாதிரி.

இருந்தாலும் செய்யுங்கள். வாரம் இரண்டு தடவை போதும், படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு, 30 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறு கண்ணால் நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்ப்பது வீண், நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிவிடும். அட்டை தொலைந்துபோனால் கட்டம் போட்ட லுங்கித் துணி, தரை டைல்ஸ், ஜன்னல் கம்பி எதுவானாலும் சரி. கோடு நெளிந்தால், நடுவில் திட்டு தெரிந்தால், ஒரு கண்ணில் திடீரென்று மங்கினால், "ஒரு வருஷம் கழித்துத்தானே வரச் சொன்னார்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் விழித்திரை டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்குத்தான் பார்வை அதிகம் மிஞ்சுகிறது.

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் கெட வேண்டாம். அமெரிக்காவில் 2001-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், உங்களைப்போல் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களில் ஐந்து வருஷத்தில் முற்றிய நிலைக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான்.

அதே ஆய்வுதான் உங்கள் மகன் அனுப்பிய மாத்திரைக்கும் பதில். அதில் கொடுத்த கூட்டு மாத்திரை, அதாவது வைட்டமின் சி, வைட்டமின் இ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் எல்லாம் சேர்ந்தது, நடுக்கட்டத்தில் இருந்தவர்களுக்கும், ஒரு கண் ஏற்கெனவே முற்றிப்போனவர்களுக்கும் நோய் முற்றும் வாய்ப்பை ஐந்து வருஷத்தில் சுமார் 25 சதவீதம் குறைத்தது. ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஆகவே இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் இரண்டு கண்ணிலும் உண்மையிலேயே ஆரம்பக் கட்டம்தானா, ஒரு கண் நடுக்கட்டத்தைத் தொட்டுவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம், லேபிளைப் பாருங்கள்: பீட்டா கரோட்டின் என்று இருந்தால் அது பழைய வகை, புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டக்கூடியது. 2013-இல் முடிந்த அடுத்த ஆய்வுக்குப் பிறகு அதற்குப் பதிலாக லூட்டின், ஜியாசாந்தின் சேர்க்கிறார்கள். நம் வீடுகளில் ஒருவருக்கு வாங்கிய டானிக்கை எல்லாரும் ஒரு மூடி குடிக்கிற பழக்கம் உண்டே, அதனால் சொல்கிறேன், வீட்டுக்காரர் பீடி குடிப்பவராக இருந்தால் அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். அந்தப் பீடியை நிறுத்தினால் அவர் கண்ணுக்கும் நல்லது, மாத்திரைக்கு ஆகிற காசும் மிச்சம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "கண் சரியாகத் தெரியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பலகையைப் பார்த்து 6/6 என்று பதில் வரும், மறுபடியும் அதே இடம். எனக்கு எழுதினீர்களே, கோயில், தீப்பெட்டி, கறுப்பு நூல், அந்த மூன்றையும் அப்படியே சொல்லுங்கள். "கான்ட்ராஸ்ட் பார்க்க முடியுமா, மங்கல் வெளிச்சத்தில் படிக்க வைத்துப் பார்க்க முடியுமா, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக எழுதித் தர முடியுமா" என்று கேளுங்கள். பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கும், கான்ட்ராஸ்ட் பலகை அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் இந்த டெஸ்டுகளை முடித்துவிட வேண்டும், விட்டபிறகு செய்தால் கண் கூசி எல்லா மார்க்கும் குழம்பிவிடும்.

இதற்கிடையே, கோயிலுக்குப் போகும்போது வெயிலில் நடக்கிற தூரத்துக்குக் குடையோ கறுப்புக் கண்ணாடியோ பிடித்துக்கொள்ளுங்கள். நிறமி எவ்வளவு குறைவாக வெளுக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் உள்ளே கண் பழகும். நுழைந்ததும் சன்னதிக்கு ஓடாமல் முதல் தூணருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, படி இருக்கும் இடத்தில் யார் கையையாவது பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் கரண்ட் போனதும் தானே எரியும் எமர்ஜென்சி லைட் ஒன்றைப் படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் வையுங்கள். செல்போன் டார்ச்சைத் தேடி முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டால் அதுவரை பழகியதும் போய்விடும். வாசல்படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

ராத்திரி வேலையை விட வேண்டுமா என்றால், தைப்பதால் இந்த நோய் அதிகமாகாது, கண் தேய்ந்தும் போகாது. விட வேண்டியது கறுப்பு, கருநீலம், அரக்கு போன்ற துணிகளை ராத்திரியில் எடுப்பதைத்தான். அவற்றைக் காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் ஊசிக்குப் பக்கவாட்டில், கண்ணில் அடிக்காமல் துணியில் மட்டும் விழுகிற மாதிரி வளையும் கழுத்துள்ள எல்இடி விளக்கு ஒன்று போடுங்கள். நேர் மேலே இருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தையல் மேடு தெரியாது, பக்கவாட்டில் அடித்தால் நூலின் நிழல் விழுந்து தையல் தெரியும். பிரிக்க வேண்டிய கறுப்புத் துணிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். முதலில் ஓடவிடுகிற கைத்தையலை வெள்ளை நூலில் போட்டுவிட்டு, மிஷின் தையல் முடிந்ததும் உருவிவிடுங்கள். வெள்ளை ஜாக்கெட்டுக்கு வெள்ளை நூல் என்றால் அதே சிக்கல்தான், அங்கே சிவப்பு நூல் ஓடவிடுங்கள்.